சென்னையிலேயே தனியாக இரண்டு நாள் ஓய்வு: பணமும் தூக்கமும் போகும் இடங்கள்

சார்ஜரை மறக்காதீர்கள், தலைவலி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். எங்கள் அலுவலகத்துப் பெண்கள் சிலர் அண்மைக் காலமாக வீடு, சமையல், விருந்தினர் எல்லாவற்றையும் இரண்டு நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, உள்ளூரிலேயே ஓர் அறை எடுத்துத் தனியாகப் படுத்துத் தூங்கக் கிளம்புகிறார்கள். நல்ல பழக்கம்தான். நான் பல வருடங்களாக இதைச் செய்துவருவதால் என்னிடம் யோசனையும் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டு போய், நான் ஒரு காலத்தில் விழுந்த அதே குழிகளில் ஒன்றுவிடாமல் விழுகிறார்கள்.

உள்ளூர் முகவரி, திரும்பி வராத பணம்

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

வேளச்சேரியில் குடியிருக்கும் தோழி ஒருத்தி, கிண்டிப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் இரண்டு இரவுக்கு முன்பதிவுத் தளம் வழியாக முழுப் பணத்தையும் கட்டினாள். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற வகைக் கட்டணம். அதனால் சில நூறு ரூபாய் குறைவு. மதியம் பெட்டியோடு போய் நின்றாள். வரவேற்பில் இருந்த இளைஞர் ஆதாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேடம், உங்களுடையது லோக்கல் முகவரி. அறை கொடுக்க இயலாது” என்றார். பின்னால் நின்ற வெளியூர்க்காரருக்கு இரண்டே நிமிடத்தில் சாவி கிடைத்தது.

தூங்குவதற்காக வந்திருக்கிறேன் என்று இவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அது சந்தேகத்தை இன்னும் கூட்டிவிட்டது. வீடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெண் எதற்காக இங்கே வந்து தனியாகத் தூங்க வேண்டும் என்று மேலாளர் கேட்டாராம். முன்பதிவுத் தளத்தை அழைத்தால், ஓட்டலின் விதிமுறைகளில் இருக்கிறதே என்றார்கள். இருக்கத்தான் செய்தது: நீச்சல் குளத்தின் நேரத்துக்கும் செல்லப் பிராணிகள் பற்றிய வரிக்கும் நடுவில், “உள்ளூர் அடையாள அட்டை ஏற்கப்படாது” என்று ஒற்றை வரி. இரண்டு இரவின் பணமும் போயிற்று. எடுத்த விடுப்பு வீட்டில் துணி மடிப்பதில் கழிந்தது.

எனக்கு நடந்ததும் ஏறக்குறைய இதேதான். ஓட்டல் மட்டும் வேறு. காலம் மாறினாலும் அந்த ஒற்றை வரி மாறவில்லை என்பதுதான் ஆத்திரம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? காவல்துறை சோதனைக்கு வந்தால் உள்ளூர்க்காரர் எதற்காக அறை எடுத்தார் என்ற கேள்வி வரும் என்ற பயம் ஒன்று. தனியாக வருகிறவர் அறைக்குள் தவறான முடிவு எடுத்துவிடுவாரோ என்ற பயம் இன்னொன்று. சிறிய விடுதிகளில் இதை மறைக்காமல் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். உள்ளூர்க்காரர் ஓட்டலில் தங்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம்கூட இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் கூறியிருக்கிறது. ஆனால் வரவேற்பு மேசையில் நின்று சட்டம் பேசிச் சாவி வாங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே பேச்சை முன்பே முடித்துவிட வேண்டும். முன்பதிவுத் தளத்தின் சேவை எண்ணை விடுங்கள். அங்கே எதைக் கேட்டாலும் ஆம் என்பார்கள். ஓட்டலின் வரவேற்புக்கே தொலைபேசியில் பேசுங்கள். “ஆதாரில் சென்னை முகவரி இருக்கிறது, தனியாக வருகிறேன், அறை தருவீர்களா?” என்று ஒரே மூச்சில் கேளுங்கள். தருவோம் என்றால் அதையே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சொன்னவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் போய் நிற்கும்போது வேறு ஷிப்டு ஆள் இருப்பார். பெரிய நட்சத்திர ஓட்டல்களில் இந்தத் தொல்லை அரிது. நடுத்தர ஓட்டல்களிலும் செயலி வழியாக ஓடும் மலிவு விடுதிகளிலும்தான் அதிகம். பாஸ்போர்ட்டில் சொந்த ஊர் முகவரி இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சில நூறு ரூபாய் சலுகைக்கு ஆசைப்படாதீர்கள். ரத்து செய்யக்கூடிய கட்டணம், அல்லது ஓட்டலில் போய்ப் பணம் கட்டும் முறை. எழுத்தில் பதில் வராத ஓட்டல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

முகூர்த்த நாள்

ஓட்டலில் அறைகள் மட்டும் இல்லை, மண்டபமும் இருக்கிறது. தை பிறந்த பிறகு ஏதாவது ஒரு நல்ல நாளில் அறை எடுத்தால், அதற்கு முந்திய மாலையில் வரவேற்பும் இன்னிசையும், விடியற்காலை நாலரைக்கு நாதஸ்வரமும் உங்களுக்கும் சேர்த்துத்தான். நடைபாதையில் பட்டுப் பாவாடைக் குழந்தைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், லிஃப்ட் கிடைக்காது. குழந்தைகளைக் குறை சொல்லவில்லை, அவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள். தவறான நாளில் வந்தது நாம்.

தேதி குறிக்கும் முன் வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் பாருங்கள். முகூர்த்த நாளை மட்டுமல்ல, அதற்கு முந்திய நாளையும் தவிர்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆனால் ஆடி ஞாயிறுகளில் கூழ் ஊற்றும் அம்மன் கோவில் ஒலிபெருக்கி பக்கத்துத் தெருவில் இருக்கக்கூடும். மார்கழி நடுவை விட முதல் வாரம் நல்லது. புத்தாண்டு நெருங்க நெருங்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டணமும் சத்தமும் சேர்ந்தே ஏறும். எந்த மாதமானாலும் “அந்தத் தேதிகளில் மண்டபத்தில் விசேஷம் இருக்கிறதா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

ஓர் இரவு

மதியம் 2 மணிக்கு உள்ளே, மறுநாள் 11 மணிக்கு வெளியே. ‘ஒரு நாள் வாடகை’ என்பது 21 மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் தூக்கம், மீதியில் பாதி பெட்டியைப் பிரிப்பதும் கட்டுவதும். முதல் நாள் உடம்பு அடங்கவே அடங்காது. கை தானாகவே போனைத் தேடும். இரண்டாவது நாள் காலையில்தான் ஓய்வு ஆரம்பிக்கிறது, அப்போது கிளம்பச் சொல்லித் தொலைபேசி வரும். இரண்டு இரவு எடுங்கள். முடிந்தால் ஞாயிறு மதியம் நுழைந்து செவ்வாய் வெளியேறுங்கள். வார இறுதிக் கூட்டம் கிளம்பிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் வாடகையும் இறங்கியிருக்கும்.

7,500 ரூபாய்க் கோடு

2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18. 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறை 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசத்தில் கடல் தெரியும் என்று ஆசை காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

மடிக்கணினி

வேண்டாம்.

ஊர் சுற்றும் பட்டியல்

காலையில் மயிலாப்பூர், மதியம் எழும்பூர் அருங்காட்சியகம், மாலையில் மாமல்லபுரம் என்று ஒரு பெண் என்னிடம் பட்டியலை நீட்டினாள். அது சுற்றுலா. அதிலும் அவள் குறித்திருந்தது வெள்ளிக்கிழமை; அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. ஒரு நாளைக்கு ஒரு முறை வெளியே போனால் போதும், அதுவும் நடந்து போகும் தூரத்தில்.

வீட்டிலேயே தங்குவது

குடும்பம் ஊருக்குப் போயிருக்கும்போது இதைச் செய்யலாம், செலவும் இல்லை. ஆபத்து பரணில் இருக்கிறது. ‘சும்மாதானே இருக்கிறோம்’ என்று பழைய பித்தளைப் பாத்திரத்தை இறக்கினீர்கள் என்றால் அன்று மாலை புளியும் கையுமாக நிற்பீர்கள். ஏணியைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிடுங்கள். கேஸ் சிலிண்டர், கூரியர், குடிநீர் கேன் எல்லாவற்றையும் முந்திய நாளே முடித்துவிடுங்கள். சமைக்காதீர்கள். மெஸ் சாப்பாடு இரண்டு நாளில் யாரையும் கெடுத்துவிடாது.

யாரிடமும் சொல்லாமல் போவது

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் இரண்டு பேர் கூடவே கிளம்புவார்கள். ஆனால் ஒருவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்: ஓட்டல் பெயர், அறை எண், திரும்பும் நேரம். தினமும் இரவு ஒரு செய்தி. வரவேற்பில் கொடுக்கும் ஆதார் நகல், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு நகலாக இருக்கட்டும். வரவேற்பில் அறை எண்ணை உரக்கச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், மாற்றித் தருவார்கள்.

செவ்வாய் மதியம்

அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு நேராக அலுவலகம் வருகிறார்கள். அரை நாள் விடுப்பு மிச்சமாம். அந்த அரை நாளையும் விடுப்பாக எழுதிவிடுங்கள்.