பழைய வீட்டை வாடகைக்கு விடும் முன்: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்?

ஸ்ரீரங்கத்தில் அப்பா 1984-ல் கட்டிய வீட்டைப் போன வருடம் வாடகைக்கு விட்டோம். "மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் போடுங்க சார், வாடகை எகிறும்" என்றார் புரோக்கர். நல்லவேளை, கேட்கவில்லை. நாங்கள் முடிவெடுத்த விதம் இதுதான்.

1. ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள்

சும்மா சுற்றிப் பார்த்தால் பெயின்ட் உரிந்த இடம்தான் கண்ணில் படும். குடிவருபவரைப் போலப் புழங்கிப் பாருங்கள். நாங்கள் குளியலறைக் குழாயைத் திறந்ததும் செம்மண் கரைத்தது போலத் தண்ணீர் வந்தது. வாளி நிறைய ஏழு நிமிடம். ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளே துருப்பிடித்து அடைத்திருந்தது. பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்.

2. கணக்குப் பார்க்காமல் செய்ய வேண்டியவை

முதலில் மின்சாரம். பீங்கான் ஃபியூஸ், மரப் பலகை சுவிட்ச் போர்டு, அலுமினிய வயர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்து வயரிங் ஏசியையும் கீசரையும் நினைத்துப் போட்டதல்ல. லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர் என்பது வழக்கமான அளவு. எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம். ஈரக் கையோடு ஹீட்டரைத் தொடும் குழந்தையைக் காப்பாற்றுவது அதுதான்.

அடுத்து ஒழுகல். மொட்டை மாடித் தட்டோடுகளின் இடுக்கைச் சரிசெய்யாமல் உள்ளே பெயின்ட் அடித்தால் ஐப்பசி மழையில் காசு கரைந்துவிடும். ஓதம் ஏறிய சுவரும் அப்படித்தான். ஈரம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்த பிறகே பூச்சு.

அப்புறம் குழாய். தண்ணீர் வரும் லைனை மொத்தமாக சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றினோம்.

இந்த வேலைகள் எப்படியும் நம் தலையில்தான் விழும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு.

3. மற்றதற்கு ஒரு வகுத்தல்

செலவை, அதனால் மாதம் கூடக் கிடைக்கும் வாடகையால் வகுங்கள். மாடுலர் கிச்சன் 90,000 ரூபாய், வாடகை 1,000 கூடும் என்றால் 90 மாதம், ஏழரை வருடம்! அதற்குள் கதவுகள் தொங்கிவிடும். வெஸ்டர்ன் டாய்லெட் 15,000, வாடகை 500 கூடும் என்றால் 30 மாதம். வயதானவர்கள் இருக்கும் குடும்பமும் வரும். செய்யலாம். ஜன்னலுக்குக் கொசுவலை, சமையலறையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், இரண்டுக்கும் கணக்கே வேண்டாம்.

எவ்வளவு கூடும் என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். தெருவில் குடியிருக்கும் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றும் செலவை இழுத்துவிடாதீர்கள். சொத்துவரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு, நீங்கள் ஒரு ரூபாய் செலவழித்தாலும் லட்சம் செலவழித்தாலும் அதேதான்.

4. நன்றாக இருப்பதை உடைக்காதீர்கள்

மொசைக் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடச் சொன்னார்கள். மெஷின் வைத்து பாலிஷ் மட்டும் போட்டோம். தேக்குக் கதவுக்கு வார்னிஷ், அவ்வளவுதான்.

5. பெயின்ட் கடைசியில்

எல்லா வேலையும் முடிந்த பிறகு, எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம். ஷேட் நம்பரை மீட்டர் பெட்டிக்குள் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த முறை ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் போதும்.