எழுதும்போது எழுத்து மட்டும், அலங்காரம் அப்புறம்

வியாசர்பாடியில் கால்பந்து மன்றத்துக்கு ஆண்டு மலர், ராயபுரத்தில் ஏரியா வரலாறு என்று தொகுக்கிறவர்கள் பலரும் டைப் அடிக்கும்போதே ஒவ்வொரு தலைப்பாகப் பிடித்து போல்ட், சென்டர், 16 பாயின்ட் என்று மாற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் "தலைப்பு கொஞ்சம் பெரிசா இருக்கே" என்று யாராவது சொன்னால் மொத்தப் பக்கத்தையும் திரும்பத் தேட வேண்டும், அப்படியும் இரண்டு தலைப்பு தப்பித்து அச்சாகிவிடும்.

வேர்ட் மாதிரியான எழுதும் மென்பொருள் லிப்ரே ஆபீஸ் ரைட்டரை வைத்துச் சொல்கிறேன், இலவசமாகவே கிடைக்கும். 'ராயபுரம் ரயில் நிலையம்' என்று அடித்துவிட்டு, கர்சர் அந்த வரியில் இருக்கும்போதே கன்ட்ரோலையும் 1-ஐயும் அழுத்துங்கள். அது முதல்நிலைத் தலைப்பு. என்டர் தட்டி, 1856-இல் இங்கிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் கிளம்பிய கதையை எழுதிக்கொண்டே போங்கள். உட்தலைப்புக்கு கன்ட்ரோல் 2. எழுதி முடிக்கும்வரை ஃபான்ட் பக்கமே போக வேண்டாம்.

முடிந்ததும் எஃப் 11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் வரும். ஸ்டைல் என்பது அளவு, ஃபான்ட், இடைவெளி எல்லாம் சேர்த்துப் பெயர் வைத்த தோற்றம்; நீங்கள் கன்ட்ரோல் 1 அழுத்திய தலைப்புகளுக்கு அதன் பெயர் ஹெடிங் 1. ஹெடிங் 1 மேல் ரைட் கிளிக் செய்து எடிட் ஸ்டைலுக்குள் அளவை ஒருமுறை மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறிவிடும். தமிழுக்கு முக்கியமான இடம் இதுதான்: வெஸ்டர்ன் என்ற பகுதியில் மாற்றினால் தமிழ் எழுத்து அசையாது, காம்ப்ளெக்ஸ் பகுதியில்தான் மாற்ற வேண்டும். அது கண்ணில் படவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குள் போய் டிக் செய்யுங்கள். பத்திகளுக்கு இடையே இடைவெளியும் அங்கேயே கொடுங்கள், என்டரைத் தட்டித் தட்டி இறக்காதீர்கள்.

ஏற்கெனவே கையால் மாற்றிய இடங்கள் ஸ்டைலுக்கு அடங்காது. அவற்றைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எம் அழுத்தினால் சுத்தமாகும், வரிக்கு நடுவே கையால் போட்ட போல்டும் சேர்ந்தே போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த கோப்பு இருந்தால் முதலில் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறைக்கு, மாற்றியே ஆக வேண்டும். பாமினியில் 'அ' என்று தெரிவது கோப்புக்குள் ஆங்கில எம்தான், ஃபான்ட்டை மாற்றினால் வாசகமே போய்விடும். உள்ளடக்கமும் தோற்றமும் அந்த அளவுக்கு ஒட்டிக்கிடக்கிற கோப்பில் எந்த ஸ்டைலும் உதவாது.

வண்ணாரப்பேட்டை டிடிபி கடைக்குக் கொடுக்கும்போது வேர்ட் வடிவத்தில் சேமித்துக் கொடுங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ஏற்றும்போது ஸ்டைல் பெயர்களும் கூடவே வரும், அவர்கள் தங்கள் டிசைனை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம்.