ராணி வேண்டாம் என்று சொல்ல வேண்டிய தருணங்கள்: சிப்பாய் உயர்வில் சரியான காயைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சதுரங்கத்தில் சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டதும் ராணி, யானை, பிஷப், குதிரை ஆகிய நான்கில் ஒன்றாக உயர வேண்டும்; கை தானாகவே ராணியைத் தேடுகிறது. பெரும்பாலான ஆட்டங்களில் அதுவே சரியான நகர்வு. ஆனாலும் ராணி எடுத்ததால் வெற்றி கைநழுவிப் போகும் நிலைகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் நான்கு காய்களையும் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. யானையின் நகர்வும் பிஷப்பின் நகர்வும் ராணிக்குள் அடக்கம் என்பதால், அவ்விரண்டையும் வேண்டுமென்றே வலிமையைக் குறைத்துக்கொள்ள மட்டுமே எடுக்கிறோம். குதிரையின் பாய்ச்சல் ராணியிடம் இல்லாததால், அதை எடுப்பதற்கான காரணம் முற்றிலும் வேறு. எனவே சிப்பாய் ஏழாம் வரிசையில் நிற்கும்போது இரண்டே கேள்விகள் போதும்: ராணி வந்தால் எதிராளிக்கு நகர்த்த ஏதாவது மிஞ்சுமா? குதிரை வந்தால் உடனே செக் விழுமா?

முதல் கேள்விக்கு ஓர் எளிய நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்). வெள்ளை ராஜா எஃப்6, வெள்ளைச் சிப்பாய் எஃப்7, கறுப்பு ராஜா ஹெச்7, நகர்வு வெள்ளையுடையது. எஃப்8-இல் ராணி எடுத்தால், அது ஜி8, ஹெச்8, ஹெச்6 ஆகியவற்றை அடைத்துவிடும். ஜி6-ஐயும் ஜி7-ஐயும் வெள்ளை ராஜா ஏற்கெனவே காக்கிறது. கறுப்பு ராஜாவுக்குச் செக் இல்லை, போக்கிடமும் இல்லை; ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். யானை எடுத்தாலோ ஹெச்6 மட்டும் திறந்திருக்கும், கறுப்பு அங்கேதான் போயாக வேண்டும், அடுத்து யானை ஹெச்8-க்கு வந்தால் செக்மேட். எதிராளியிடம் ராஜா மட்டுமே மிஞ்சி, அதுவும் ஓரத்தில் ஒடுங்கியிருந்தால், ராணியை வைக்கும் முன் அதைச் சுற்றியுள்ள கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட வேண்டும்.

எதிராளியிடம் வேறு காய் இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடாது, ஏனெனில் அந்தக் காயை அவரே வெட்டுக்குக் கொடுத்து ஸ்டேல்மேட்டை வரவழைக்கலாம். 1895-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பத்திரிகை ஒன்றின் சதுரங்கப் பகுதியில் அதை எழுதிவந்த பார்பியே சமன் என்று வெளியிட்ட ஒரு நிலையில், அந்நகரில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் சாவேத்ரா வெற்றியைக் கண்டுபிடித்தது இப்படித்தான். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி7, கறுப்பு ராஜா ஏ1, யானை டி5, நகர்வு கறுப்புடையது. யானை டி6-இல் செக் கொடுக்கிறது. ராஜா பி7-க்குப் போனால் யானை டி7-க்கு வந்து சிப்பாயைக் கட்டிவிடும். சி5-க்குப் போனால் யானை டி1-க்கு இறங்கி, ராணி பிறந்ததும் சி1-இல் செக் கொடுத்து அதைப் பிடித்துவிடும். ஆகவே ராஜா பி5, பி4, பி3 என்று ஒவ்வொரு செக்குக்கும் ஒரு படி இறங்குகிறது. யானையும் டி5, டி4, டி3 என்று துரத்துகிறது. கடைசியில் ராஜா சி2-க்கு வந்தவுடன் சிப்பாயைத் தடுக்க வழியில்லை என்று தோன்றும்போது, யானை டி4-க்குப் பின்வாங்குகிறது. இப்போது ராணி எடுத்தால், யானை சி4-இல் செக் கொடுக்கும். ராணி அதை வெட்டியதும் ஏ1-இல் இருக்கும் கறுப்பு ராஜா ஸ்டேல்மேட். சி8-இல் யானை எடுத்தால், ஏ8-இல் செக்மேட் மிரட்டல் வருகிறது. அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4-க்கு ஓட வேண்டும். உடனே வெள்ளை ராஜா பி3. ஏ4 யானைக்கும் வெட்டு, சி1-இல் செக்மேட்டும் மிரட்டல். இரண்டையும் சேர்த்துத் தடுக்க முடியாது. பலகையில் இத்தனை குறைந்த காய்களோடு இத்தனை ஆழம் வேறெங்கும் கிடைப்பது அரிது என்பது என் கருத்து. இதைப் படித்து அறிவதைவிடக் காய்களை வைத்து நகர்த்திப் பார்ப்பதே நல்லது.

குதிரைக்கு இறுதியாட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆல்பின் எதிர்கேம்பிட் என்ற தொடக்க ஆட்டமுறையில், உலக சாம்பியனாக இருந்த லாஸ்கர் பெயரால் அறியப்படும் பொறியில் ஏழாவது நகர்விலேயே அது பிறந்துவிடுகிறது. வெள்ளையும் கறுப்பும் மாறி மாறிச் சிப்பாய்களை டி4 டி5, சி4 இ5 என்று நகர்த்துகின்றன; வெள்ளை இ5-ஐ வெட்ட, கறுப்புச் சிப்பாய் டி4-க்கு முன்னேறுகிறது. நான்காவது நகர்வில் வெள்ளை இயல்பாக இ3 ஆடினால் அதுவே பிழை. பிஷப் பி4-இல் செக், வெள்ளை பிஷப் டி2. கறுப்புச் சிப்பாய் இ3-ஐ வெட்டுகிறது. பி4 பிஷப்பை வெள்ளை ஆசையோடு வெட்டினால், அந்தச் சிப்பாய் எஃப்2-ஐ வெட்டிச் செக் கொடுக்கும். ராஜா அதை வெட்ட முடியாது, ஏனெனில் டி1 ராணி காப்பற்றுப் போகும்; எனவே ராஜா இ2. இப்போது சிப்பாய் ஜி1-இல் குதிரையை வெட்டி உயர்கிறது. ராணியாக உயர்ந்தால், வெள்ளை முதலில் டி8-இல் ராணியைச் செக்கோடு வெட்டி, பிறகு ஜி1-ஐயும் எடுத்துக்கொண்டு தப்பிவிடும். குதிரையாக உயர்ந்தாலோ அதுவே இ2 ராஜாவுக்குச் செக். வெள்ளைக்கு மூச்சுவிட நேரமில்லை. யானை அந்தக் குதிரையை வெட்டினால் பிஷப் ஜி4-இல் செக், ராஜாவுக்குப் பின்னால் நிற்கும் ராணி போய்விடும்.

பிஷப்பாக உயர்த்த வேண்டிய தேவை, பெரும்பாலும் ராணியும் யானையும் இரண்டுமே ஸ்டேல்மேட் தரும் நிலைகளில் எழும். புதிர் அமைப்பவர்கள் அதை மிகவும் விரும்புவார்கள், ஆட்டக்காரர்களுக்கு அது வாய்ப்பதே அபூர்வம்.

தேர்ந்தெடுத்த காயைப் பலகையில் வைப்பதிலும் கவனம் தேவை. வெட்டப்பட்ட காயைத்தான் எடுக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. இரண்டாவது ராணியும் மூன்றாவது குதிரையும் எடுக்கலாம். யானையைக் கவிழ்த்து வைத்து ராணி என்று சொல்வது வீட்டு ஆட்டத்தில் செல்லும், போட்டியில் செல்லாது. 2017-இல் கனடா சாம்பியன் பட்டத்தைத் தீர்மானித்த டைபிரேக்கரில், கவிழ்த்து வைக்கப்பட்ட யானையை நடுவர் யானை என்றே தீர்மானித்தார். அதை வைத்தவர் தோற்றார். வேண்டிய காய் அருகில் இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேட்க விதி அனுமதிக்கிறது. இணையத்தில் ஆடுபவர்கள், தானாகவே ராணியாக மாற்றும் அமைப்பை முன்கூட்டியே அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சி8-இல் யானைதான் வெற்றி என்று கண்டுபிடித்த பிறகும் திரையில் ராணியே வந்து நிற்கும்.