பழைய இஎஃப்ஐ லோரியில் ஐடில் சரிசெய்வது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் பழைய இஎஃப்ஐ (எலக்ட்ரானிக் முறையில் எண்ணெய் பீய்ச்சும்) பெட்ரோல் லோரிகளில் ஐடில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்கினால் உடனே ஸ்குரூவைத் திருகாதீர்கள். செம்மண் தூசியில் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரோட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், ரப்பர் குழாய் எங்காவது வெடித்துக் காற்று இழுக்கும், முதலில் இதையெல்லாம் பாருங்கள்.

அப்புறம் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஏர்கான், லைட் எல்லாம் அணைத்துவிட்டு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று) மீட்டரைப் பாருங்கள். சரியான அளவு பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். பல எஞ்சின்களுக்கு 700 முதல் 850 வரை.

திருக வேண்டியது த்ரோட்டில் பாடியில் உள்ள காற்று பைபாஸ் ஸ்குரூ. உள்ளே திருகினால் காற்று குறைந்து ஆர்பிஎம் இறங்கும், வெளியே திருகினால் ஏறும். கால் சுற்று திருகி, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். த்ரோட்டில் தகட்டைத் தாங்கும் ஸ்டாப் ஸ்குரூவை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள், அது தொழிற்சாலையிலேயே அளந்து வைத்தது, மாற்றினால் த்ரோட்டில் சென்சார் கணக்கே தப்பிவிடும்.

முழுக்க உள்ளே திருகியும் ஆர்பிஎம் இறங்கவில்லையா? ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கலாம், அல்லது எஞ்சின் குளிராக இருக்கும்போது கூடுதல் காற்று விடும் ஆக்ஸிலரி ஏர் வால்வ், எஞ்சின் சூடான பிறகும் மூடாமல் இருக்கலாம்.