டயர் இரைச்சலா? முதலில் கையால் தடவிப் பாருங்கள்
நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டினாலே காருக்குள் ஹூம் என்று இரைச்சல் கேட்கிறதென்றால், சத்தத்தை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டப் பணத்தைக் கொட்டும் முன் டயரை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரியும் தட்டுப்பட்டால் தேய்மானம் சீராக இல்லை, சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியா என்று பாருங்கள், டயர்களை முன்பின் மாற்றிப் போடுங்கள்.

காற்றை, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கே, டயர் சூடாகும் முன் பிடியுங்கள். அப்புறம் கதவு ரப்பர்: ஒரு பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், தடையே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்துவிட்டது. ஷீட் ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சக்கர வளைவுகளிலிருந்து தொடங்குங்கள்.

திரும்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் சக்கரம் சுழல உதவும் வீல் பேரிங்காக இருக்கலாம், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.