கரையும் பாலிமரால் ஆர்சனிக்கைப் பிடிப்பது எப்படி? ஒரு முதல் பரிசோதனை

வீட்டு வாட்டர் ப்யூரிஃபையரில் ‘யூஎஃப்’ (அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், நுண்துளைச் சவ்வால் வடிகட்டுவது) என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சவ்வில் சேறும் பாக்டீரியாவும் நிற்கும், ஆர்சனிக் என்ற நஞ்சு நிற்காது. உப்பு மாதிரி கரைந்து கிடப்பதால் நழுவிப் போய்விடும். கொதிக்க வைத்தால் நீர் சுண்டிச் செறிவு ஏறுவதுதான் மிச்சம்.

சிலியின் அன்டோஃபகாஸ்டா நகருக்கு 1958-ல் மலை ஆற்று நீரைக் கொண்டுவந்தார்கள். அதில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10. 1970-ல் சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை ஊரே அதைத்தான் குடித்தது. நீரில் கரையும் பாலிமரால் (நீண்ட சங்கிலி போன்ற பெரிய மூலக்கூறால்) ஆர்சனிக்கைப் பிடித்துச் சவ்வில் நிறுத்தும் முறையில் நிறைய வேலை நடந்ததும் அதே நாட்டில்தான்: கன்செப்சியோன் பல்கலைக்கழகத்தில், பெர்னாபே ரிவாஸ் குழுவில்.

விஷயம் இதுதான். வேலி இடுக்கில் குழந்தை நுழைந்துவிடும், அப்பா நுழைய மாட்டார். குழந்தையின் கையை அப்பா பிடித்திருந்தால் இரண்டு பேரும் இந்தப் பக்கம்தான். சவ்வுதான் வேலி, நேர்மின்சுமை கொண்ட பெரிய பாலிமர்தான் அப்பா. நீரில் கரைந்த ஆர்சனிக்கின் ஒரு வடிவமான, எதிர்மின்சுமை கொண்ட ஆர்சனேட், குழந்தை.

ஆர்சனேட் வெள்ளைப் பாஷாணத்தின் இனம், கொடிய நஞ்சு. வீட்டில் வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தில், கையுறையோடு, ஆசிரியரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. கரைசல். ஏழு நீர் மூலக்கூறு கொண்ட சோடியம் ஆர்சனேட் 0.416 கிராமை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். அதில் 1 மி.லி. எடுத்து 1 லிட்டராக்கினால் ஆர்சனிக் 1000 மைக்ரோகிராம். இதை இரண்டு குடுவைகளில் பாதிப் பாதியாக ஊற்றுங்கள்.

2. பி.எச். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டையும் 8-க்குக் கொண்டுவாருங்கள். அங்கே ஆர்சனேட்டில் பெரும்பகுதி இரட்டை மின்சுமையோடு இருக்கும், பிடி இறுகும்.

நிலத்தடி நீரில் பெரும்பாலும் ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவமும் கலந்திருக்கும். பி.எச். 8 வரை அதற்கு அநேகமாக மின்சுமையே கிடையாது. பாலிமர் எவ்வளவு போட்டாலும் பிடிக்காது. முதலில் குளோரின் போன்ற ஒன்றால் ஆக்சிஜனேற்றி ஆர்சனேட்டாக மாற்றியாக வேண்டும். இந்த முறையில் பலர் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

3. பாலிமர். பாலிடாட்மாக் என்ற நேர்மின்சுமைப் பாலிமரை வாங்குங்கள், 20 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். மூலக்கூறு எடை 1 லட்சத்துக்கு மேல் இருக்கட்டும். குட்டைச் சங்கிலிகள் சவ்வைத் தாண்டிவிடும். ஒரு ஆர்சனிக் அணுவுக்கு இருபது பாலிமர் அலகு (சங்கிலியின் கண்ணி) என்பது கணக்கு. 500 மி.லி.க்கு 0.1 மி.லி. போதும். ஒரு குடுவையில் மட்டும் விட்டு ஒரு மணி நேரம் கலக்குங்கள். மற்றதை அப்படியே வையுங்கள், ஒப்பிட வேண்டும்.

4. வடிகட்டல். 10,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) சவ்வு பொருத்திய கிளறு செல்லில், அதாவது அடியில் சவ்வும் உள்ளே கிளறியும் உள்ள மூடிய பாத்திரத்தில் ஊற்றி, நைட்ரஜனால் 3 பார் அழுத்தம் கொடுங்கள். காந்தக் கிளறி சவ்வுக்குச் சற்று மேலே தொங்கியபடி சுற்ற வேண்டும். உரசினால் சவ்வு போச்சு. கிளறாமல் விட்டாலோ பாலிமர் சவ்வின் மேல் பிசின் போலப் படிந்து, சொட்டுவது மெதுவாகிக்கொண்டே போகும். முதல் சில மி.லி.யைக் கழிவுப் புட்டியில் விட்டு, அடுத்து வருவதைப் பிடியுங்கள். பாலிமர் இல்லாத கரைசலை முதலில் வடித்துவிட்டால் செல்லைக் கழுவும் வேலை மிச்சம்.

5. சோதனை. ஆர்சனிக் அளக்கும் ஃபீல்ட் கிட் போதும். மெர்குரிக் புரோமைடு தாளில் மஞ்சளிலிருந்து பழுப்புவரை கறை விழும். அதை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். கிட்டில் உண்டாகும் ஆர்சைன் வாயு கொடிய நஞ்சு, ஃப்யூம் ஹூடை விட்டு வெளியே செய்யாதீர்கள். பாலிமர் இல்லாத மாதிரியை ஐந்து மடங்கு நீர்த்துச் சோதியுங்கள், இல்லையென்றால் கறை அட்டையைத் தாண்டிவிடும்.

நான் முதல் தடவை சோம்பல்பட்டு போர் தண்ணீரில் கரைசல் போட்டேன். பாலிமர் போட்ட மாதிரியின் தாளிலும் அடர் பழுப்பு! அப்புறம்தான் புரிந்தது: நீரில் இருந்த சல்ஃபேட்டும் இரட்டை எதிர்மின்சுமை கொண்டது, ஆர்சனிக்கை விடப் பல மடங்கு இருந்ததால் பாலிமரின் இடங்களையெல்லாம் அதுவே பிடித்துக்கொண்டது. நிஜக் கிணற்று நீருக்குப் போகுமுன் சல்ஃபேட் அளவைப் பார்த்துவிடுங்கள்.

6. மிச்சம். செல்லில் தங்கிய பாலிமரில் அடர் உப்புக் கரைசலை விட்டு வடித்தால், குளோரைடு ஆர்சனிக்கை வெளியே தள்ளும்; பாலிமரை மறுபடி பயன்படுத்தலாம். வடிந்து வந்த உப்பு நீர்தான் இப்போது நஞ்சு. தொட்டியில் ஊற்றாமல், ஃபெரிக் குளோரைடு சேர்த்து பி.எச்.சை 7-க்குப் பக்கம் கொண்டுவந்தால் ஆர்சனிக் துருநிற வண்டலோடு இறங்கும். வண்டலையும் மேல்நீரையும் தனித்தனியாக மூடி, ஆர்சனிக் என்று எழுதி, ஆய்வகத்தின் ஆபத்தான கழிவோடு சேருங்கள்.