பராகா ஆயரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

மறைக்கல்வி வகுப்பில், வட அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே மறைப்பணி செய்த ஆயர் பிரெடெரிக் பராகாவைப் பற்றிச் சொல்ல நினைக்கிறவர்களுக்கு இது. முதல் வருடம் "1797இல் இன்றைய ஸ்லொவேனியாவில் பிறந்தார்" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். இப்போது மைதா மாவில் ஆரம்பிக்கிறேன்.

அகலமான தட்டில் நாலு விரற்கடை உயரத்துக்கு மாவைச் சலித்துக் கொட்டுங்கள். தட்டி அமுக்க வேண்டாம். ஒரு பிள்ளையை விரலால் குத்தச் சொன்னால், விரல் தட்டின் அடி வரைக்கும் போய்விடும். அப்புறம் பச்சை ஈர்க்கு ஒன்றை முட்டை வடிவில் வளைத்துக் கட்டி, நடுவில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கிப் பின்னுங்கள். அதை மாவின் மேல் வைத்து, அதே விரலால் மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். விரல் மேலேயே நிற்கும். பாரம் பரவிவிடுகிறது, அவ்வளவுதான். வளைத்த மரச்சட்டமும் தோல்வார்ப் பின்னலும் கொண்ட பனிச்செருப்பும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதைக் கட்டிக்கொண்டு காடுகாடாக நடந்ததால்தான் பராகாவுக்குப் பனிச்செருப்புப் பாதிரியார் என்று பெயர்.

இந்தச் செருப்பு அந்தப் பழங்குடிகளான ஒஜிப்வே மக்களின் கைவேலை. இதை அழுத்திச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாத மக்களிடம் ஒரு வெள்ளைக்காரர் போனார் என்ற தொனி வரவே கூடாது. அமெரிக்கா-கனடா எல்லையிலுள்ள சுப்பீரியர் ஏரிக்கரைக் குளிரில் எப்படி வாழ்வது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர் அவர்களிடம் கற்றுக்கொண்டவர்.

வியன்னாவில் சட்டம் படித்தது, சொத்தைச் சகோதரிக்கு விட்டுக்கொடுத்தது, 1823இல் குருவானது எல்லாம் இரண்டு நிமிடம் போதும். பிறகு அவர் அமெரிக்கா போனதைச் சொல்லி, வரைபடத்தில் அவர் பணி செய்த ஏரிக்கரை ஊர்களுக்கு, 1835க்கு லா பாயின்ட், 1843க்கு லான்ஸ் என்று புள்ளி வையுங்கள். 1846இல் சிறு படகில் ஏரியைக் கடக்கும்போது புயலில் சிக்கி, ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் உயிரோடு கரை ஏறினார். நன்றியாக அங்கே ஒரு மரச்சிலுவை நட்டார். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

கரும்பலகையில் 'கிச்சிகாமி' என்று எழுதிச் சேர்ந்து சொல்ல வையுங்கள். ஒஜிப்வே மொழியில் பெரிய நீர் என்று பொருள். சுப்பீரியர் ஏரிக்கு அதுதான் பெயர். இப்படிச் சொல் சொல்லாகச் சேர்த்து, 1850இல் அந்த மொழிக்கு இலக்கணமும் 1853இல் அகராதியும் வெளியிட்டார். அதே 1853 நவம்பர் 1 அன்று சின்சினாட்டியில் ஆயரானார். வட மிச்சிகன் முழுவதும் அவர் பொறுப்பு. ஆயரான பிறகும் பனியில் நடப்பதை விடவில்லை.

1868 ஜனவரியில் மிச்சிகனின் மார்க்கெட் (Marquette) என்ற நகரில் இறந்தார். அந்தத் தேதியைச் சொல்லும்போது தட்டில் இருக்கும் மாவைக் காட்டுங்கள்: வெளியே அந்த மாதம் முழுக்கப் பனிதான்.